சுரங்கக் காற்றும் தகவல் ஓட்டமும்: மையக் கட்டளையின்றி வழி வகுத்தல்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் பெருமளவில் தொடங்கிய சுரங்கத் தொழில், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்படும் வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றது. நந்திதுர்க்கம், ஊரிகம், சாம்பியன் ரீப், மைசூர் என்னும் சுரங்கங்களில் சாம்பியன் ரீப் மிக ஆழமானது. தரைமட்டத்திற்குக் கீழே சுமார் 3.2 கிலோமீட்டர் வரை அது சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரி செல்சியசையும் தாண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வெப்பத்தில் பாறையைத் துளைத்தனர். அவர்களை உயிருடன் வைத்திருந்தது மேலிருந்து இடைவிடாது கீழே சென்ற காற்று.

இக்காற்று எந்த வழியே சென்றது என்று கேட்டால் விடை எளிதன்று. செங்குத்தான குழிகளும், அவற்றிலிருந்து மட்டத்துக்கு மட்டம் பிரியும் பாதைகளும், மட்டங்களை இணைக்கும் சரிவுகளுமாகப் பூமிக்கடியில் ஒரு பெரிய வலை பரவியிருந்தது. ஒவ்வொரு சந்தியிலும் நின்று, “நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ” என்று காற்றுக்குக் கட்டளையிட ஒருவரும் இல்லை. காற்று தானே பிரிந்தது, தானே கூடியது. பொறியாளர்கள் செய்ததெல்லாம் விசிறிகளை இயக்கியதும், சில இடங்களில் கதவுகளை அமைத்ததுமே ஆகும்.

இன்று செய்தித் தொடர்பு வலைகளை அமைக்கும் பொறியாளர்களும் ஏறக்குறைய இதே பிரச்சினையை எதிர்நோக்கி நிற்கின்றனர். ஒரு செல்பேசியிலிருந்து புறப்படும் தகவல் பல சந்திகளையும் பல சேவைகளையும் கடந்து தன் இடத்தை அடைய வேண்டும். எந்தச் சந்தி வழியே, எந்த இயந்திரத்திலுள்ள சேவை வழியே செல்வது என்பதை யார் முடிவு செய்வது? மையத்தில் அமர்ந்துள்ள ஒரே கணினியா, அல்லது அந்தந்தச் சந்தி தானேயா? சுரங்கக் காற்றின் இயல்பை அறிந்தவருக்கு இவ்வினாவில் பாதி முன்னமே தெளிவாகிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

காற்று பிரியும் கணக்கு

ஜான் ஜாப் அட்கின்சன் என்னும் ஆங்கிலேயச் சுரங்க அறிஞர் 1854ஆம் ஆண்டில் சுரங்கக் காற்றோட்டத்தின் விதியை வகுத்துக் கூறினார். ஒரு பாதையின் இரு முனைகளுக்கும் இடையே காற்று இழக்கும் அழுத்தம், அப்பாதையின் தடையையும், காற்றோட்ட அளவின் வர்க்கத்தையும் பெருக்கிய அளவாகும் என்பதே அவ்விதி. அதாவது, ஒரே பாதையில் இருமடங்கு காற்றைச் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் தேவைப்படும்.

இரு பாதைகள் ஒரே இடத்தில் பிரிந்து ஒரே இடத்தில் கூடுவதாகக் கொள்வோம். முதற்பாதை அகன்றது, அதன் தடை 0.5 அலகு. இரண்டாம் பாதை குறுகலானது; அதன் தடை 2 அலகு. வினாடிக்கு 30 கன மீட்டர் காற்று சந்திக்கு வந்து சேருகிறது. அது எவ்வாறு பிரியும்? இரு பாதைகளும் ஒரே இரு முனைகளை இணைப்பதால் இரண்டிலும் அழுத்த இழப்பு சமமாகவே இருந்தாக வேண்டும். முதற்பாதையில் 20 கன மீட்டர் சென்றால் இழப்பு 0.5 பெருக்கல் 400, அதாவது 200 பாஸ்கல். இரண்டாம் பாதையில் 10 கன மீட்டர் சென்றால் இழப்பு 2 பெருக்கல் 100, அதுவும் 200 பாஸ்கல். ஆகவே காற்று 20, 10 என்று பிரிகிறது. இக்கணக்கை நாம் போட்டுப் பார்க்கிறோம். காற்று போட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு துளிக் காற்றும் தன்னருகே உள்ள அழுத்த வேறுபாட்டுக்கு மட்டுமே இணங்கி நகர்கிறது. மொத்த வலையும் அதனால் சமநிலையை அடைகிறது.

முதற்பாதையில் பாறை சரிந்து வழி அடைபட்டால் என்னவாகும்? கோலாரின் ஆழ்ந்த சுரங்கங்களில் பாறை வெடித்துச் சரிவது அடிக்கடி நேர்ந்த ஆபத்து. சரிவு ஏற்பட்ட உடனேயே அப்பாதையின் தடை பெருகும்; காற்று தானாகவே மற்ற பாதைக்குத் திரும்பும். மேலே அலுவலகத்திற்குச் செய்தி எட்டுவதற்கு முன்பே இம்மாற்றம் நிகழ்ந்துவிடும். மையக் கட்டளையற்ற முறையின் பெரும் சிறப்பு இதுவே.

அதன் பெரும் குறையும் இங்கேயே உள்ளது. உட்செல்லும் காற்றுப் பாதைக்கும் வெளிவரும் காற்றுப் பாதைக்கும் இடையே உள்ள கதவு ஒன்று திறந்தபடி விடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு அது மிக எளிய குறுக்கு வழி. ஆழத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பவரிடம் செல்ல வேண்டிய காற்று, அவரை எட்டாமலேயே அக்கதவின் வழியே திரும்பி மேலே வந்துவிடும். காற்று எளிய வழியைத் தேடும். மூச்சுத் திணறுபவர் எங்கே இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. ஆகவேதான் இத்தகைய இடங்களில் கதவுகளை இரட்டையாக அமைப்பர். ஒன்றைக் கடந்து அதை மூடிய பின்னரே மற்றதைத் திறக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மேலும், எளிய பாதைகளில் வேண்டுமென்றே ஒரு தடையை, நகர்த்தக்கூடிய பலகை கொண்ட சிறு சாளரத்தை, அமைப்பர். எளிய வழியைச் சற்றே கடினமாக்கினால்தான் கடின வழிக்கும் போதிய காற்று செல்லும். இச்சிறு சாளரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது வேறொரு வடிவில் வரும்.

மெய்நிகர்ச் சேவை என்பது யாது?

தகவல் வலையில் செய்தி முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகிறது. ரூட்டர் என்னும் சந்திக் கருவி முகவரியைப் பார்த்து அடுத்த சந்திக்குத் தள்ளிவிடுகிறது. முழு வழியும் எந்த ஒரு ரூட்டருக்கும் தெரிய வேண்டியதில்லை. இம்முறை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலையில் செயல்முறைக்கு வந்தது. நம் நாட்டில் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலை 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது; பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வழங்கப்பட்டது.

ஆனால் பொட்டலம் வெறுமனே ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதோடு வேலை முடிவதில்லை. இடையில் சில சோதனைகளையும் மாற்றங்களையும் அது கடந்தாக வேண்டும். தீய பொட்டலங்களைத் தடுக்கும் காவற்சுவர் ஒன்று. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவது ஒன்று. எவ்வளவு தகவல் சென்றது என்று கணக்கு வைப்பது ஒன்று. முன்னாளில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியாக, குறித்த ஓரிடத்தில் நிறுவப்பட்டிருந்தன. தகவல் அப்பெட்டி இருக்கும் இடத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் உலகின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் பல கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. இச்சேவைகளைத் தனிப் பெட்டிகளாக வாங்காமல், மென்பொருளாக எழுதிச் சாதாரணக் கணினிகளில் இயக்கலாம் என்பது அதன் சாரம். பெட்டி இல்லை; ஆனால் பெட்டி செய்த வேலை நடக்கிறது. ஆகவே இதனை மெய்நிகர்ச் சேவை என்கிறோம். இதில் விளைந்த மாறுதல் பெரிது. ஒரே காவற்சுவரின் பத்து நகல்களைப் பத்து ஊர்களில் இயக்கலாம். மாலையில் கூட்டம் மிகுந்தால் மேலும் ஐந்து நகல்களைச் சில நிமிடங்களில் எழுப்பலாம். இரவில் அவற்றை நிறுத்திவிடலாம். சேவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்ற எண்ணமே மறைந்துவிட்டது.

இதற்கு நல்ல உவமை அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு. மருத்துவர் சீட்டில் இரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே, மருந்து என்று வரிசையாக எழுதித் தருகிறார். நோயாளி அச்சீட்டைக் கையிலேந்தி ஒவ்வொரு இடமாகச் செல்கிறார். மருந்து வழங்கும் சாளரங்கள் மூன்று இருந்தால் எதில் நிற்பது என்பதை அவரே வரிசையைப் பார்த்து முடிவு செய்கிறார். தகவல் வலையிலும் இவ்வாறே பொட்டலத்தின் தலைப்பில், கடக்க வேண்டிய சேவைகளின் வரிசை எழுதப்படுகிறது. சேவைகளைச் சங்கிலிபோல் கோக்கும் இம்முறைக்கான பொது அமைப்பு 2015ஆம் ஆண்டிலும், வழிக்குறிப்புகளைப் பொட்டலமே சுமந்து செல்லும் முறைக்கான அமைப்பு 2018ஆம் ஆண்டிலும் இணையப் பொறியாளர் குழுவினரால் வெளியிடப்பட்டன. சீட்டில் இருப்பது “மருந்து” என்ற சொல் மட்டுமே. எந்தச் சாளரம் என்பதன்று. அதை முடிவு செய்யும் உரிமை வழியிலுள்ள சந்திகளுக்கு விடப்படலாம்.

மையத்திலிருந்து ஏன் ஆளக்கூடாது?

அனைத்தையும் அறிந்த ஒரு மையக் கணினி ஒவ்வொரு சந்திக்கும் ஆணையிட்டால் குழப்பமே இல்லையே என்று மாணவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பல வலைகளில் அவ்வாறே செய்தும் வருகின்றனர். நீண்ட காலத் திட்டத்திற்கு அது நன்று. ஆயினும் கணத்துக்குக் கணம் மாறும் நிலைமைக்கு அது ஏற்றதன்று என்பதே எமது கருத்து. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பெங்களூரிலிருந்து 2,000 கிலோமீட்டர் தொலைவில் மையம் இருந்தால், செய்தி போக 10 மில்லி வினாடி, ஆணை திரும்ப 10 மில்லி வினாடி. இது மிகக் குறைந்த அளவு. மையம் ஆயிரக்கணக்கான சந்திகளின் செய்திகளைத் திரட்டிக் கணக்கிடும் நேரம் இதைவிடப் பன்மடங்கு. ஆணை வந்து சேரும்போது அது பழைய நிலைமைக்கு உரிய ஆணையாகிவிடுகிறது. மேலும், மையத்துக்கான வழியே அறுந்துவிட்டால் சந்தி கைகட்டி நிற்க வேண்டியதுதான். பாறை சரிந்த பின் மேலிருந்து ஆள் வந்து கதவைத் திருப்பும் வரை காற்று காத்திருந்தால் சுரங்கத் தொழிலாளியின் கதி என்னவாகும்?

வரிசை எவ்வளவு விரைவாக நீளும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வினாடிக்குச் சராசரியாக 1,000 பொட்டலங்களைக் கவனிக்கவல்ல ஒரு சேவை நகலுக்கு, ஒழுங்கின்றி வினாடிக்கு 500 வந்தால், ஒரு பொட்டலம் காத்திருந்து கவனிக்கப்பட்டு வெளியேறச் சராசரி 2 மில்லி வினாடி ஆகும். 900 வந்தால் 10 மில்லி வினாடி. 990 வந்தால் 100 மில்லி வினாடி. கடைசி 90 பொட்டலங்கள் தாமதத்தைப் பத்து மடங்காக்கிவிட்டன. ஆகவே தொலைவைவிட வரிசையே முக்கியம். தங்கவயலிலிருந்து புறப்படும் பொட்டலத்திற்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கும், 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கும் இடையே ஒளி செல்லும் நேரத்தில் வேறுபாடு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவே. பெங்களூர் நகலில் கூட்டம் நிரம்பியிருந்தால், சென்னைக்குச் செல்வதே இலாபம். நாள்தோறும் அதிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்பட்டுப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தன்னலம் எப்போது தீங்காகும்?

ஒவ்வொரு பொட்டலமும் தனக்குக் குறைந்த தாமதம் தரும் நகலையே தேடிச் சென்றால் மொத்தத்தில் நன்மை விளையுமா? வார்ட்ராப் என்பவர் 1952ஆம் ஆண்டில் சாலைப் போக்குவரத்தைக் குறித்து எழுதியபோது, இத்தகைய நிலையில் பயன்படும் வழிகளிலெல்லாம் பயண நேரம் சமமாகிவிடும் என்றார். சுரங்கக் காற்றின் அழுத்த இழப்பு எல்லா வழியிலும் சமமாவதைப் போன்றதே இது. ஆனால் சமம் என்பது வேறு, சிறந்தது என்பது வேறு. இதனை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

“அ” என்னும் நகல் பெரியது, ஆனால் மந்தமானது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் 60 மில்லி வினாடி எடுக்கும். “ஆ” என்னும் நகல் விரைவானது, ஆனால் சிறியது. வினாடிக்கு வரும் ஒவ்வொரு நூறு பொட்டலத்துக்கும் அதன் தாமதம் ஒரு மில்லி வினாடி கூடும். மொத்தம் 60 நூறு, அதாவது 6,000 பொட்டலங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நலம் கருதினால், “ஆ”வில் தாமதம் 60ஐத் தாண்டாத வரை அங்கேயே செல்லும். ஆகவே அனைத்தும் “ஆ”வுக்கே செல்லும். அனைத்தும் 60 மில்லி வினாடி காத்திருக்கும். விரைவான நகல் இருந்தும் ஒருவருக்கும் பயனில்லை! இதற்கு மாறாகப் பாதியை “அ”வுக்கு அனுப்பியிருந்தால், அங்கே சென்றவை 60 மில்லி வினாடியும் “ஆ”வுக்குச் சென்றவை 30 மில்லி வினாடியும் காத்திருக்கும், சராசரி 45. ஒருவருக்கும் முன்னிருந்ததைவிடத் தாமதம் கூடவில்லை. பாதிப் பேருக்குப் பாதியாகக் குறைந்தது. பொருளாதார அறிஞர் பிகூ 1920ஆம் ஆண்டிலேயே இரு சாலைகளைக் கொண்டு இக்கருத்தை விளக்கினார்.

தாமதம் கூட்டத்தோடு நேர்விகிதத்தில் ஏறும் வலைகளில், எத்தனை சந்திகள் இருப்பினும், தன்னல வழித்தேடலால் விளையும் சராசரித் தாமதம், சிறந்த சராசரியைப்போல் மூன்றில் நான்கு மடங்குக்கு மேல் போகாது என்று ரஃப்கார்டன், தார்தோஷ் ஆகிய இருவர் 2002ஆம் ஆண்டில் நிறுவினர். மேற்காட்டிய கணக்கில் 60ஐ 45ஆல் வகுத்தால் கிடைப்பது அதே மூன்றில் நான்கு. ஆனால் நாம் முன்னர்க் கண்ட 990 பொட்டல நிலைமையில் தாமதம் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. அங்கே இந்த ஆறுதல் செல்லாது.

பரிகாரம் என்ன? இங்கேதான் சுரங்கத்தின் சிறு சாளரம் திரும்ப வருகிறது. “ஆ”வுக்குச் செல்லும் பொட்டலம் தான் காத்திருப்பதோடு மட்டுமின்றி, தனக்குப் பின்னும் உடனும் உள்ள அனைத்தையும் சற்றுக் காக்க வைக்கிறது. அந்தச் சுமையையும் விலையாகச் சேர்த்து அறிவித்தால் போதும். “ஆ”வில் கூட்டம் 30 நூறாக இருக்கும்போது தன் தாமதம் 30, பிறருக்கு விளைக்கும் தாமதம் 30, ஆகக் கூடுதல் 60. இது “அ”வின் 60க்குச் சமம். ஆகவே ஓட்டம் தானாகவே 30, 30 என்று நின்றுவிடும். இதற்கு மையக் கட்டளை தேவையில்லை. ஒவ்வொரு நகலும் தன் உண்மைத் தாமதத்தை மட்டும் அறிவிக்காமல், அங்கு வரும் பொட்டலம் பிறருக்கு விளைக்கும் தாமதத்தையும் அதனுடன் கூட்டி அறிவித்தால் போதும். சுரங்கத்தில் சாளரம் வைத்தால் விசிறி அதற்கான விசையைச் செலவிட்டே ஆக வேண்டும். தகவல் வலையில் விலை ஓர் எண் மட்டுமே, அதற்குச் செலவில்லை. இவ்வகையில் தகவல் பொறியாளர் சுரங்கப் பொறியாளரைவிடப் பாக்கியசாலி.

புதிய வழி திறந்தால் எப்போதும் நன்மை என்று எண்ணுவதும் பிழை. ஒவ்வொருவரும் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் வலையில் ஒரு குறுக்கு வழியைத் திறப்பதால் அனைவரின் பயண நேரமும் கூடக்கூடும் என்று ஜெர்மானியக் கணித அறிஞர் பிரெஸ் 1968ஆம் ஆண்டில் காட்டினார். திறந்தபடி விடப்பட்ட சுரங்கக் கதவின் உறவுமுறைதான் இதுவும்.

பழைய செய்தியும் ஊசலாட்டமும்

உவமை இதற்குமேல் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் பரவுகிறது. காற்றின் ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கும் செய்தி அப்போதைய செய்தி. தகவல் வலையிலோ ஒரு நகலில் கூட்டம் குறைந்துள்ளது என்ற செய்தி சந்திகளுக்குச் சற்றுப் பிந்தியே எட்டுகிறது. அதற்குள் நூறு சந்திகளும் ஒரே நேரத்தில், “சென்னையில் கூட்டமில்லை” என்று சென்னைக்குத் திரும்புகின்றன. சென்னை நிரம்பிவிடுகிறது. உடனே அனைத்தும் பெங்களூருக்குத் திரும்புகின்றன. ஓட்டம் தொட்டில்போல் இங்கும் அங்கும் ஆடுகிறது. இரண்டு இடங்களிலும் நல்ல சேவை கிடைப்பதில்லை.

ஆர்ப்பாநெட்டில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. 1979ஆம் ஆண்டு முதல் அவ்வலையின் சந்திகள் ஒவ்வோர் இணைப்பின் தாமதத்தையும் அளந்து அதையே விலையாக எடுத்துக்கொண்டன. கூட்டம் குறைவாக இருந்தவரை முறை நன்கு வேலை செய்தது. கூட்டம் பெருகியதும் ஊசலாட்டம் தோன்றியது. 1987ஆம் ஆண்டில் விலைக் கணக்கைத் திருத்தினர். தாமதம் எவ்வளவு ஏறினும் விலை ஓர் எல்லைக்குமேல் ஏறாது. ஒவ்வொரு முறையும் சிறிதளவே மாறும். அண்மைய அளவுகளின் சராசரியே எடுத்துக்கொள்ளப்படும். இத்திருத்தத்திற்குப் பின் ஆட்டம் தணிந்தது.

மெய்நிகர்ச் சேவையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காவற்சுவர் போன்ற சேவைகள், நடந்துகொண்டிருக்கும் உரையாடலை நினைவில் வைத்திருப்பவை. ஓர் உரையாடலின் முற்பகுதியைப் பெங்களூர் நகலும் பிற்பகுதியைச் சென்னை நகலும் பார்த்தால், சென்னை நகல் இதனை அறியாத அந்நியனாகக் கருதித் தடுத்துவிடும். பாதிச் சிகிச்சையில் மருத்துவரை மாற்றினால் நேரும் தொல்லை போன்றதே இது. ஆகவே தொடங்கிய உரையாடலை அதே நகலில் முடியவிட்டு, புதிய உரையாடல்களை மட்டும் புதிய நகலுக்குத் திருப்புவது வழக்கம். இதனாலும் ஓட்டம் மெல்ல மெல்லவே மாறுகிறது. ஊசலாட்டம் சற்று அடங்குகிறது.

ஒவ்வொரு சந்தியும் தனித்தனியே சரியாக முடிவு செய்தும் மொத்தத்தில் பெருங்கேடு விளைந்த நிகழ்ச்சி 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நேர்ந்தது. பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலை, பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால் அறுந்துபோயிற்று. பெயரை முகவரியாக மாற்றித் தரும் அந்நிறுவனத்தின் சேவை நகல்கள் பல ஊர்களில் இருந்தன. தரவு நிலையங்களோடு தொடர்பு அறுந்தால், “நான் நலமாக இல்லை, என்னிடம் வராதீர்” என்று அறிவித்து விலகிக்கொள்ளுமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. ஒரு நகல் மட்டும் தொடர்பிழந்தால் இது மிகச் சரியான நடத்தை. அன்று எல்லா நகல்களும் ஒரே நேரத்தில் தொடர்பிழந்தன. எல்லாம் ஒருங்கே விலகிக்கொண்டன. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலக முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் எட்டாமற்போயின. தன்னைப் பற்றிய செய்தி மட்டும் தெரிந்த ஒரு நகலுக்கு, தான் மட்டும் விழுந்ததா, எல்லோரும் விழுந்தனரா என்பது தெரிய வழியில்லை. கள அலுவலர்கள் இத்தகைய விலகல் விதிகளை அமைக்கும்போது, “எஞ்சி நிற்பவர் எவரும் இல்லையெனில் விலகாதே” என்ற ஒரு வரியைச் சேர்த்தல் அவசியம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஊசலாட்டத்திற்கு மற்றொரு மருந்து மிக எளிது. எல்லா நகல்களிலும் கூட்டம் எவ்வளவு என்று விசாரிக்காமல், குலுக்கல் முறையில் இரண்டை மட்டும் எடுத்து, அவ்விரண்டில் கூட்டம் குறைந்ததற்குச் செல்வது. 1994ஆம் ஆண்டில் கணித முறையில் நிறுவப்பட்ட இதன் பயன் வியக்கத்தக்கது. மாணவர்களைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம்.

இருபது கொட்டாங்கச்சிகளுக்கு 1 முதல் 20 வரை எண் இடுக. அதே எண்கள் எழுதிய இருபது சீட்டுகளும் நூறு புளியங்கொட்டைகளும் தேவை. முதலில், ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சீட்டை எடுத்து, அந்த எண்ணுள்ள கொட்டாங்கச்சியில் இட்டு, சீட்டைத் திரும்பக் கலக்கிவிட வேண்டும். நூறும் முடிந்தபின் எண்ணிப் பார்த்தால், சராசரி 5 ஆயினும் மிக நிரம்பியதில் பெரும்பாலும் 9 அல்லது 10 இருக்கும். அடுத்து, ஒவ்வொரு கொட்டைக்கும் இரு சீட்டுகளை எடுத்து, இரண்டில் எது குறைவாக நிரம்பியுள்ளதோ அதில் இடுக. இம்முறை மிக நிரம்பியதில் 6 அல்லது 7க்கு மேல் இருப்பது அரிது.

மூன்றாம் முறை, பழைய செய்தியின் விளைவைக் காட்டுவதற்காக. ஒரு மாணவர் இருபது கொட்டாங்கச்சிகளின் கணக்கையும் கரும்பலகையில் எழுதி வைப்பார். ஆனால் இருபது கொட்டைகள் இட்ட பின்னரே ஒருமுறை திருத்தி எழுதுவார். மற்றவர்கள் கொட்டாங்கச்சியைப் பாராமல், பலகையில் எது மிகக் குறைவோ அதில் மட்டும் இட வேண்டும். சமமாகப் பல இருந்தால் எண்ணில் சிறியதில். முதல் இருபது கொட்டைகளும் 1ஆம் கொட்டாங்கச்சியிலும், அடுத்த இருபதும் 2ஆம் கொட்டாங்கச்சியிலும் சென்று விழும். நூறும் முடியும்போது ஐந்து கொட்டாங்கச்சிகள் நிரம்பி வழிய, பதினைந்து வெறுமையாக இருக்கும். அதே பழைய பலகையை வைத்துக்கொண்டு, இரு சீட்டு எடுக்கும் இரண்டாம் முறையையும் செய்து பார்க்கச் சொல்லலாம். செய்தி பழையதாக இருந்தும் குவியல் எவ்வளவு குறைகிறது என்பதை மாணவர்களே எண்ணி அட்டவணையில் எழுதட்டும்.